பதினைந்து நாள் விருந்தாளி

ஜூலை 3, திங்கள்

காலையில் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு ஜெனரேட்டர் வண்டி. பால் வேன் உள்ளே வர முடியாமல் திரும்பிப் போய்விட்டது. கீழ்த்தளத்து வீட்டைத் தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர்களுக்கு இரண்டு நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அடுக்ககத்தில் ஒருவரையும் கேட்கவில்லை. நாலு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று இறங்கிப் போனேன்.

உள்ளே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவையும் வேட்டியுமாக நாற்பது பேர். எல்லோரும் வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லாமல் சிரித்தார்கள், சத்தமில்லாமல் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். மணப்பெண் பேசும் வசனம் மட்டும் கேட்க வேண்டுமாம். எழுபத்து மூன்று வயதில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வந்த காரியம் மறந்து நின்றுவிட்டேன்.

அப்போது ஒரு பெண் தாம்பூலத் தட்டை இடது கையால் நீட்டினாள்.

"இடது கையாலயா கொடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த அமைதியில் அது மைக் வைத்ததுபோலக் கேட்டது. "கட்" என்றார்கள். நாற்பது தலை திரும்பியது.

கீர்த்தனா என்ற உதவி இயக்குநர் பெண் ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "ஆன்ட்டி, நீங்களே முன்வரிசையில உக்காந்துடுங்களேன்" என்றாள். பின்னால் வந்தவர் மோசஸ். கூட்டக் காட்சிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "மேடத்துக்கு ரிச் லுக் இருக்கு" என்றார்.

ரிச் லுக் என்றால் என்ன என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டேன். பெயர் செங்கமலம், ஐம்பத்தெட்டு வயது, சாலிகிராமத்தில் வீடு. "கவரிங் போட்டாலும் தங்கம்னு நம்புவாங்க. அதாம்மா ரிச் லுக்கு" என்றாள்.

நான் போட்டிருந்தது கவரிங் அல்ல.

குங்குமமும் பூவும் வைத்தார்கள். காட்சிக்காக. மேலே வந்ததும் முகத்தைக் கழுவினேன். பூவை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். வாடாத பூவை எறிவது வீண்.

ஜூலை 4, செவ்வாய்

பந்திக் காட்சியின் மிச்சம் இன்றைக்கு. அதே புடவை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். நேற்று மாம்பழக் கலர்ப் பட்டில் பாயசம் சிந்திவிட்டது. அப்படியே விடுபவள் நானல்ல. மாலையே பூந்திக்கொட்டை போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, காலையில் கத்தி மடிப்போடு கட்டிக்கொண்டு போனேன்.

கீர்த்தனா என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "ஆன்ட்டி, கறை எங்க?"

நேற்று எடுத்ததும் இன்று எடுப்பதும் ஒரே பந்தியாம். சாப்பிட உட்காரும்போது கறையோடு இருந்தவள், எழுந்திருக்கும்போது சலவையிலிருந்து வந்தவளாக இருக்க முடியாது. இதற்குக் கன்டினியூட்டி என்று பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுத்தமாக இருந்ததற்கு ஏச்சு வாங்கினேன்.

செங்கமலம் டிபன் தட்டோடு வந்தாள். கேட்காமல் கொள்ளாமல் விரலால் சாம்பாரைத் தொட்டு என் மடியில், அதே இடத்தில், அதே அளவில் தடவினாள்.

"பாயசம் சாம்பார் நிறத்திலயா இருக்கும்?" என்றேன்.

"கேமராவுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. அதுக்கு நாக்கு இல்ல."

பூவை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். அதே பூ, அதே நீளம். கீர்த்தனா கையெடுத்துக் கும்பிட்டாள். "இதெல்லாம் யாருக்கும் தோணாது ஆன்ட்டி. நீங்க ப்ரொஃபஷனல்." நான் மறுக்கவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

மோசஸ் நேற்றுக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டேன். போனைத் துடைத்துக்கொண்டிருந்ததால்.

மூன்று நாள் நீதிமன்றக் காட்சி. கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவராக இருந்தவர் இன்று டவாலி. மாப்பிள்ளைத் தோழன் கைதி. நான் பார்வையாளர் வரிசையில், கண்ணாடியோடு. செங்கமலம் என் பின்னால். ஒரு பெரிய பை வைத்திருக்கிறாள், அதில் எப்போதும் ஐந்து புடவை. கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, கோயில், ஆஸ்பத்திரி, மார்க்கெட். எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவள் தயார்.

சாப்பாட்டு இடைவேளையில் சங்கத்தைப் பற்றி விசாரித்தேன். எனக்கு எதையும் முழுக்கத் தெரிந்துகொண்டாக வேண்டும். சங்க அட்டை இல்லாதவர்களை 'கெஸ்ட்' என்கிறார்கள். விருந்தாளி. பதினைந்து நாள் வரை நடிக்கலாம். பதினாறாவது நாள் அட்டை வேண்டும், இல்லையென்றால் செட்டுக்குள் விடமாட்டார்கள். அட்டையில் இரண்டு வகை. கூட்டத்தில் நிற்பவர்களுக்குத் துணை நடிகர் அட்டை. அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். வசனம் பேசுபவர்களுக்கு நடிகர் அட்டை; மூன்று காட்சியில் பேசியதாக இயக்குநரோ உதவி இயக்குநரோ எழுதித் தர வேண்டும்.

"முதல்ல துணை வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கக் கூடாதா?"

"மாத்தலாம். சட்டத்துல இருக்கு. ஆனா ஒருக்கா கூட்டத்துல நின்னுட்டா ஏஜென்ட் நோட்டுல உங்க பேரு கூட்டத்துப் பக்கத்துல ஏறிடும். அப்புறம் யாரு புரட்டிப் பார்க்கிறா?" என்றாள்.

அவள் துணை. இருபத்திரண்டு வருடமாக.

நான் சேர்வதாக இருந்தால் நடிகையாகத்தான் சேர்வேன்.

ஜூலை 14, வெள்ளி

புனேயிலிருந்து சுகந்தி பேசினாள். நீதிமன்றப் படத்தை அனுப்பியிருந்தேன்.

"என்னம்மா இது, கூட்டத்துல போய் நிக்கிற?"

"நிற்கவில்லை. உட்கார்ந்திருக்கிறேன்."

"அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

நடிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சங்கம் என்ற சொல்லைத்தான் சாப்பாட்டு மேசையில் எடுக்கக் கூடாது. உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் நூற்பு மில்லுக்கு மேனேஜர். எண்பத்து நாலில் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம். அவர் மில்லை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து உள்ளேயே தங்கவைத்தார். அறுபது பேர். பத்தொன்பது நாளும் காலை உப்புமா என் கையால். ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை. முதலாளி கடிதம் எழுதிப் பாராட்டினார். அந்தக் கடிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. எழுதி வைக்க வேண்டும்.

ஜூலை 20, வியாழன்

வெளிப்புறப் படப்பிடிப்பு, கடற்கரைச் சாலை. இன்று உடை மாற்றிய இடத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஜூலை 28, வெள்ளி

பேருந்து நிலையக் காட்சி இரண்டு நாள் முடிந்தது. மொத்தம் எட்டு நாள். சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று சங்க அலுவலகத்துக்குப் போனேன்.

மாடியில் ஒரு நீள அறை. சுவர் முழுக்கப் புகைப்படம். பெரிய நடிகர்கள் இருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. கூட்டக் காட்சிகள். ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருவர் பேனாவால் சின்ன அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், ஏதோ ஒரு தலையைக் காட்டி. வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு போர்க்களத்தில் மட்டும் பதினோரு அம்புகள்.

விண்ணப்பத்தாள் நான்கு பக்கம். எழுத்துக்கள் தெளிவாக இல்லை, மூன்றாம் பக்கம் கோணலாக அச்சாகியிருக்கிறது. எழுத்தரிடம் சொன்னேன். கறுப்புச் சட்டக் கண்ணாடி போட்ட பெண். "இருபது வருஷமா அப்படித்தாம்மா இருக்கு. நீங்கதான் மொதல்ல சொல்றீங்க" என்றாள்.

வேறு சங்கத்தில் உறுப்பினராக இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. மில் குவார்ட்டர்ஸ் மகளிர் கிளப்பில் ஆறு வருடம் தலைவியாக இருந்தேன். அது கணக்கில் வருமா என்று கேட்டேன். "என்ன கேட்டு வாங்குனீங்க?" என்றாள். பூக்கோலப் போட்டியும் நாப்கின் மடிப்புப் போட்டியும் நடத்தினோம் என்றேன். "அப்ப 'இல்லை'ன்னு போட்டுடுங்க."

உடன் நடித்த உறுப்பினர் இருவர் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். வகை என்ற கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா, மூன்று நாள். பதினொன்று.

செங்கமலத்தைக் கேட்டேன், இத்தனை வருடத்தில் ஒரு வசனமாவது பேசியதுண்டா என்று. டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏழு" என்றாள். வரிசையாக, அந்தந்தக் குரலில், ஏழையும் பேசிக் காட்டினாள். 'ஐயோ, யாராவது வாங்களேன்!' 'தம்பி, பஸ் போயிடுச்சுப்பா.' 'டாக்டர் வந்துட்டாரு.' 'இந்தப் பக்கமாத்தான் ஓடுனான்.' 'பொண்ணு பொறந்திருக்கு.' 'எனக்கொண்ணும் தெரியாது சார்.' ஏழாவது வெறும் 'ம்.'

"'ம்' எப்படி வசனமாகும்?"

"க்ளோசப்பும்மா! அதுக்கு நாலு டேக்கு. மூணாவதுதான் நல்லா வந்துச்சு. ஆனா நாலாவதைப் போட்டுட்டாங்க." இன்னமும் அந்தக் கோபம் தீரவில்லை. எனக்காக மூன்றாவதுபோலவும் நாலாவதுபோலவும் சொல்லிக் காட்டினாள்.

மூன்றாவதுதான் நன்றாக இருந்தது.

மூன்று காட்சிக்கு மேல் பேசியிருக்கிறாளே, நடிகை அட்டை ஏன் வாங்கவில்லை என்றேன். "அன்னைக்கே எழுதி வாங்கணும். வாங்கத் தெரியல. இப்ப அந்த டைரக்டருங்கள்ல பாதிப் பேரு இல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 9, புதன்

பேசினேன்.

துக்க வீட்டில் பெரியம்மா, இரண்டு நாள். 'இந்த வீட்டில் இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம்.' ஆறு சொற்கள். எழுதித் தந்ததில் 'வேணாம்' என்றிருந்தது. இப்படிப்பட்ட பெரியம்மா 'வேண்டாம்' என்றுதான் சொல்வாள் என்று கீர்த்தனாவிடம் சொல்லி மாற்றினேன். ஒரே டேக். லைட் பிடிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊட்டி கான்வென்டில் பள்ளி நாடகம் முடிந்ததும் சிஸ்டர் அகதா சொன்னார்: "நீ நடிப்பதில்லை, குமுதவல்லி. நீ அறிவிக்கிறாய்." அதற்குப் பிறகு எனக்கு வேஷம் கொடுக்கவில்லை, திரையிழுக்க வைத்தார். இன்று அவர் இருந்திருக்கலாம்.

கீர்த்தனாவிடம் இன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டேன். பதின்மூன்று நாள். ஒரு காட்சி.

ஆகஸ்ட் 16, புதன்

மோசஸ் வீட்டுக்கே வந்தார். காபி கொடுத்தேன்.

தொடரில் கதாநாயகி தன் பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகிறாளாம். அங்கே தலைமைக் கன்னியாஸ்திரி. நாலு காட்சி, நாலிலும் வசனம். அடுத்த புதனும் வியாழனும். "டைரக்டரே சொன்னார் மேடம், அந்த 'வேண்டாம்' சொன்ன அம்மாவைக் கூப்பிடுன்னு. உங்களுக்குத் தனிக் கேரவன். ஏசி, பாத்ரூம், எல்லாம்."

பதினான்காம் நாள், பதினைந்தாம் நாள். மூன்று காட்சிக்கு மேலேயே ஆகிவிடும். வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பத்தைக் கொடுத்தால் நடிகை. யாரோ உட்கார்ந்து எனக்கென்று கணக்குப் போட்டதுபோல இருக்கிறது.

வசனத்தை மூன்று தடவை படித்தேன். கன்னியாஸ்திரி சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுவதாக எழுதியிருக்கிறார்கள். எந்தக் கன்னியாஸ்திரியும் அப்படிச் செய்வதில்லை. கைகளைச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொள்வார்கள். சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

செங்கமலம் போன் செய்தாள். புதன்கிழமையிலிருந்து சங்கத்துப் பெண்கள் யாரும் வேலைக்குப் போவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. ஒரே ஒரு கோரிக்கை: வெளிப்புறப் படப்பிடிப்பில் துணை நடிகைகள் உடை மாற்ற ஓர் அறை. வண்டியானாலும் சரி, கூடாரமானாலும் சரி. கதவும் உள்ளே தாழ்ப்பாளும் இருக்க வேண்டும். ஆண்களும் வருவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் கன்னியாஸ்திரி வேஷத்தைப் பற்றிச் சொன்னேன்.

"நல்ல வேஷம்மா. உங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு."

"நான் போகலாமா?"

"நீங்க கெஸ்ட்டு. உங்களை யாரும் கேட்க முடியாது." பிறகு சொன்னாள்: "கேரவன் குடுக்கிறாங்கல்ல? தாப்பாளை நல்லா இழுத்துப் பாத்துப் போடுங்க. சில வண்டியில சரியா விழாது."

கிண்டலாகச் சொன்னாளா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே எச்சரித்தாள்.

மோசஸைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அது மெம்பருங்களுக்கு மேடம். நீங்க மெம்பர் இல்லையே, உங்களைக் கட்டுப்படுத்தாது" என்றார்.

"எனக்கு முன்னால் யாரைக் கேட்டீர்கள்?"

"அது வந்து... டைரக்டருக்கு உங்களைத்தான்..."

"மோசஸ். யாரைக் கேட்டீர்கள்?"

நான்கு பேரைக் கேட்டிருக்கிறார். நான்கு பேரும் உறுப்பினர்கள், மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்படி வரும் என்று அவர்களுக்குப் போன வாரமே தெரியும்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

எழுதப் போவதில்லை என்று எழுதியதை எழுதுகிறேன். நாட்குறிப்பில் பாதி உண்மை வைப்பது எனக்குப் பிடிக்காது.

ஜூலை இருபதாம் தேதி. சவுக்குத் தோப்பு. காலையில் ஊர்வலக் காட்சி, மத்தியானம் சந்தைக் காட்சி. இடையில் புடவை மாற்றியாக வேண்டும். எங்கே என்று கேட்டேன். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் என்றார்கள். போனேன். வண்டிக்குப் பின்னால் வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை. செங்கமலமும் இன்னும் மூன்று பேரும் இரண்டு புடவையை விரித்துச் சுவர்போலப் பிடித்தார்கள். கடல்காற்று. புடவை வயிற்றுப் பக்கம் ஒட்டுவதும் தலைக்கு மேல் எழும்புவதுமாக இருந்தது. என் ரவிக்கைக் கொக்கி மாட்டவில்லை. டீ கேனோடு ஓர் ஆள் அந்தப் பக்கம் வந்தான். செங்கமலம் அவன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், என் தலைக்கு மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டு உரக்கப் பேச ஆரம்பித்தாள். "ஏம்மா, இந்த மரத்துல காக்கா கூடு கட்டியிருக்கு பாத்தீங்களா? ரெண்டு கூடும்மா!" நான் கொக்கியை மாட்டி முடிக்கும்வரை காக்கையைப் பற்றியே பேசினாள். பிறகு அவள் மாற்றினாள். நான் புடவையைப் பிடித்தேன். நானும் மரத்தைப் பார்த்தேன். கூடு எதுவும் இல்லை.

முப்பது அடி தள்ளி ஒரு கேரவன் நின்றது. கதாநாயகி அன்றைக்கு வரவில்லை. ஆனால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. யார் இருக்கிறார்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவளுடைய நாய்.

எழுதியாகிவிட்டது.

ஆகஸ்ட் 19, சனி

பரண் மேலிருந்த பெரிய உருளியை இறக்கித் துலக்கினேன். ஏன் என்று தெரியவில்லை. கறுத்துப் போயிருந்தது.

மில் வேலைநிறுத்தத்தில் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. முதல் வாரம் கேட்டுக்கு வெளியே பெண்கள் வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. நூல் சுற்றும் பிரிவு. கையில் தட்டி ஒன்று. அதில் என்ன எழுதியிருந்தது? உப்புமா அண்டாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தினமும் அவர்களைத் தாண்டித்தான் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தேன், தூசிக்காக.

சுகந்திக்குப் போன் செய்தேன். "மில்லுல ஸ்ட்ரைக் நடந்ததே, எதுக்கு நடந்தது?"

"எனக்கு அப்போ பத்து வயசும்மா. எனக்கெப்படித் தெரியும்? உனக்குத்தானே தெரியணும்?"

எல்லாவற்றையும் கேட்பவள் நான். காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் எந்த ஊர் என்று கேட்பேன். அதை மட்டும் கேட்கவில்லை. பாராட்டுக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அதிலும் இல்லை. 'சிரமமான நாட்கள்' என்று இருக்கிறது.

கேட்பதற்கு இப்போது யாரும் இல்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கன்னியாஸ்திரி வசனம் முழுக்க மனப்பாடம். கண்ணாடி முன் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. மிக நன்றாக.

ஆகஸ்ட் 21, திங்கள்

பத்து மணிக்கு அலுவலகம் திறந்தபோது நான் படியில் நின்றிருந்தேன். செங்கமலத்தையும் வரச் சொல்லியிருந்தேன், எதற்கு என்று சொல்லாமல்.

எழுத்தர் தாள்களைப் புரட்டினாள். "வகை போடலையேம்மா."

"துணை" என்றேன். அங்கேயே எழுதினேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கீர்த்தனாவின் கடிதமும் கூடவே இருந்தது. "ஒரு சீன் பேசியிருக்கீங்க. இந்த வாரம் போயிட்டு வெள்ளிக்கிழமை வந்தீங்கன்னா நடிகை கார்டே கிடைக்கும். நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். இன்னிக்குச் சேர்ந்தா புதன்கிழமை நீங்க போக முடியாது."

"தெரியும். அதனால்தான் இன்றைக்கு வந்தேன்."

செங்கமலம் என் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, அவசரப்படாதீங்க. நாலு சீனு. நான் இருபத்திரண்டு வருஷத்துல..."

"உன் பேனா எங்கே? கையெழுத்துப் போடு" என்றேன்.

போட்டாள். கட்டத்தை விட்டு வெளியே வழிந்தது அந்தக் கையெழுத்து. பெரிய 'செ', நீளமாக ஒரு சுழி, கடைசியில் அடிக்கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. கட்டத்துக்குள் போடக் கூடாதா என்று எழுத்தர் முகத்தைச் சுளித்தாள்.

"ஆட்டோகிராஃப்" என்றாள் செங்கமலம். "வந்த புதுசுலயே பழகி வச்சேன். இன்னிக்குத்தான் ஒருத்தங்க கேட்டிருக்காங்க."

இன்னொரு கையெழுத்து டவாலியாக வந்தவர் போட்டார். அவர் பெயர் அய்யனாரப்பன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்து மோசஸுக்குப் போன் செய்தேன். "நான் மெம்பர்" என்றேன். "எப்போலேருந்து மேடம்?" என்று கேட்டார். மணி பார்த்துச் சொன்னேன். பத்து நாற்பது.

கைகளைச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன். யார் நடித்தாலும் சரியாக நடிக்கட்டும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ரவை, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. அறுபது பேருக்கான அளவு கைக்கு மறக்கவில்லை.

பீரோவை ஒழுங்குபடுத்தினேன். கடிதத்தை எறியவில்லை. இடம் மாற்றி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, புதன்

சங்க வாசலில் பந்தல். நூறு பேருக்கு மேல். போலீஸ்காரர்களாகவும் நீதிபதியாகவும் பிச்சைக்காரர்களாகவும் நான் பார்த்த முகங்கள் எல்லாம் தத்தம் முகமாக உட்கார்ந்திருந்தன. சத்தம் சொல்ல முடியாது. வருடக்கணக்காக வாயை மட்டும் அசைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் எப்படியிருக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஆட்டோவில் உருளியோடு இறங்கினேன். அய்யனாரப்பனும் இன்னொருவரும் தூக்கினார்கள். செங்கமலம் தன் பையிலிருந்து ஐந்து புடவையையும் எடுத்துப் பந்தலின் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கல்யாணம், சாவு, கோயில், ஆஸ்பத்திரி, மார்க்கெட். "பத்திரிகைக்காரங்க வந்து என்னன்னு கேட்டா, இதாங்க எங்க கேரவன்னு சொல்லுவேன்" என்றாள்.

எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தட்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எதிரே நின்று முழுவதும் படித்தேன். 'தாழ்ப்பாள்' என்பதில் 'ழ்' விட்டுப்போயிருந்தது. மை வாங்கிச் சேர்த்தேன்.

வாழையிலைத் துண்டில் உப்புமா வைத்தேன். முதல் இலை செங்கமலத்துக்கு. ஒரு வாய் போட்டாள். மென்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உப்பு கம்மிக்கா."

பக்கத்தில் இருந்தவளும் ஆமாம் என்றாள். அய்யனாரப்பன் கேட்காமலே தலையாட்டினார். யாரோ இஞ்சி அதிகம் என்றார்கள். பந்தலில் பாதிக்குப் பாதி என் உப்புமாவைப் பற்றி வாதாட ஆரம்பித்துவிட்டது.

என் அளவு தப்பாது. அப்போதும் இதே அளவுதான். அந்தப் பத்தொன்பது நாளும் அந்த அறுபது பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஒருவர்கூட உப்பைப் பற்றி வாய் திறந்ததில்லை. சரியாக இருந்ததால் என்று நினைத்திருந்தேன்.

நாளைக்கு உப்பு டப்பாவைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.